அரசாங்க நடை

சோரியாங்குப்பம் இருசப்பன் நன்றாக நடக்கிறார் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு அவர் காலில் இருந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே மேசையில், ஒரே பேனாவால், கால் மணி நேரத்துக்குள் நடந்தன. அது எப்படி என்று முறையாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

இருசப்பன் இருபத்தெட்டு வருஷம் கடலூருக்கும் பாகூருக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் குழியில் விழுந்து எழும்போதும் கம்பியைத் தொடாமல் முன்படிக்கும் பின்படிக்கும் போய்வருவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அறுபது வயதில் நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போதே ஆடின. பிறகு சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிஷம் ஆனது. அதற்கும் பிறகு வந்ததுதான் கொடுமை. நடந்துகொண்டே இருப்பார், வாசற்படி, குறுகலான சந்து, எதிரே ஓர் ஆள் என்று எதையாவது கண்டதும் நின்றுவிடுவார். பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ போ என்று விரட்டும். கால் செவிடாகிவிடும்.

"மூளை அனுப்பற உத்தரவு காலுக்குப் போய்ச் சேரல," என்று அரியூர் டாக்டரம்மா சொன்னார். "ஆனா தரையில ஒரு கோடு இருந்தா அதைத் தாண்டறதுக்குன்னு கால் தானா எழும்பும். அது வேற வழி."

கோட்டுக்கு எங்கே போவது? அவர் மனைவி காசம்மாள் தன் காலையே அவருக்கு முன்னால் குறுக்கே வைப்பாள். இருசப்பன் அதைத் தாண்டுவார். கழிவறை வாசலில் ஒரு தடவை, சமையலறை வாசலில் ஒரு தடவை, தெருவுக்குப் போகையில் இரண்டு தடவை. காசம்மாள் கரும்புக்கொல்லை வேலைக்குப் போகிறவள். ஒருநாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது, காலையில் பல் விளக்கப் புறப்பட்ட புருஷன் பிரஷ்ஷும் கையுமாகப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாயிலிருந்த பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது. மறுநாளிலிருந்து காசம்மாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு பூட்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அப்போதுதான் வில்லியனூரில் நடை மேம்பாட்டுக் கழகம் உதயமாயிற்று. அதன் திட்டத்தின் பெயர் 'நடைத்தோழன்'. நடைத்தோழன் என்பது ஒரு ஜோடி ஷூவும் ஒரு பெல்ட்டும். ஷூவின் முனையிலிருந்து தரையில் பச்சையாக ஒரு வெளிச்சக் கோடு விழும். ஒரு கால் ஊன்றியதும் மற்றக் காலுக்கு முன்னால் கோடு வரும். பெல்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் சிம் கார்டு. கருவியைச் செய்தவர்கள் புத்திசாலிகள். அதைக் கழகத்திடம் கொடுத்தது மட்டும்தான் அவர்கள் செய்த தவறு.

விண்ணப்பித்து ஏழு மாதம் கழித்து, வழங்கும் விழா பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தேர்வானவர்கள் பதினோரு பேர். மேடைக்கு ஏழு படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கழகத்தின் மேலாண்மை இயக்குநர் சாமிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"நடக்க முடியாதவர்களின் வேதனை எனக்குத் தெரியும். என் கார் டிரைவர் ஒருநாள் லீவு போட்டபோது நானே அனுபவித்தேன். எனவே இந்தக் கருவி உண்மையான பயனாளிகளுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்பதில் கழகம் உறுதியாக இருக்கிறது. பெயர் அழைக்கப்படும்போது மேடைக்கு நேரில் நடந்து வந்து பெற்றுக்கொள்ளாதவர்கள் வராதவர்களாகக் கருதப்படுவார்கள்."

பதினோரு பேரில் நான்கு பேர் ஏறினார்கள். மீதி ஏழு பேர் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே வராமல் போனார்கள். இருசப்பனுக்கு மட்டும் ஒவ்வொரு படியிலும் காசம்மாளின் கால் குறுக்கே இருந்தது. அதைப் பார்த்து யாரோ கீழேயிருந்து, "இன்னா, பொண்டாட்டி காலத் தட்டி வுடறா?" என்றார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று சாயங்காலம் இருசப்பன் ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுப் பின்வாசலில் நின்றார். கால் பூட்டிக்கொண்டது. பச்சைக் கோடு விழுந்தது. கால் எழும்பியது. அவர் வாசலைத் தாண்டினார். திரும்பி வந்து இன்னொரு முறை தாண்டினார். ஒன்பது முறை தாண்டினார். காசம்மாள் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாள். களைக்கொத்தைத் தேடி எடுத்து, துரு போகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் கழகத்திலிருந்து போனில் முதல் செய்தி வந்தது. 'தங்கள் நேற்றைய நடை 1,412 அடிகள். நிர்ணயிக்கப்பட்ட அளவு 2,000. குறைவு 588. இன்றே ஈடு செய்யவும்.'

வில்லியனூரில் நடைக் கண்காணிப்பு அறை என்று ஒன்று இருந்தது. அங்கே மூன்று பெரிய டிவிகளில் நான்கு பேர் நடப்பதை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை நாட்களில் இருசப்பன் கட்டிலைச் சுற்றி வந்தார். தலைசுற்றல் நாட்களிலும் வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரப் போனவர் இருநூறு அடி பாக்கி என்று எழுந்து போவார். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார். நோட்டீஸுக்குப் பயந்து காசம்மாள் ஷூவில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு, பெல்ட்டையும் கட்டிக்கொண்டு, மூன்று நாள் கரும்புக்கொல்லைக்குப் போய்வந்தாள். நான்காம் நாள் பதிவுத் தபால் வந்தது.

'தங்கள் நடை 11-ந் தேதி முதல் 13-ந் தேதி வரை ஐயத்துக்கிடமான முறையில் சீராக இருந்தது. நோயாளி எவரும் இவ்வாறு நடக்க இயலாது. ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

காசம்மாள் கடிதத்தை மடித்து அரிசி டின்னில் போட்டாள். "சரியா நடக்கலன்னாலும் குத்தம். நடந்தாலும் குத்தம். இன்னாயா இது, செருப்புன்னு நெனச்சா விலங்கா இருக்குது."

அதற்கடுத்த வாரம் எல்லை விவகாரம் வந்தது.

சோரியாங்குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். ஒரு பலகையைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு தனியாக டீக்கடைக்குப் போகப்போகிறோம் என்று இருசப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். பலகைக்கு நேராக வந்ததும் பச்சைக் கோடு அணைந்தது. முன்னால் வைத்த வலது கால் தமிழ்நாட்டிலும் பின்னாலிருந்த இடது கால் புதுச்சேரியிலுமாக அவர் பூட்டிக்கொண்டார். பின்னால் கரும்பு ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கழகத்தின் உதவி எண்ணை அழுத்துவதற்குள் லாரிக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி சேர்ந்துவிட்டது.

கழகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் நவீன்குமார் பேசினான்.

"சார், நீங்க இப்ப திட்டத்துக்கு வெளிய இருக்கீங்க. யூனியன் பிரதேசத்துக்கு உள்ள மட்டும்தான் கோடு வரும்."

"ஒரு காலு உள்ளதான் இருக்குதுபா."

"எந்தக் கால் சார்?"

"எடது காலு."

"பெட்டி இடுப்புல எந்தப் பக்கம் சார் இருக்கு?"

"வலது பக்கம்."

"அப்ப நீங்க வெளியதான் சார்."

லாரி டிரைவர் இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, அவர் இடுப்பைச் சுற்றி பெல்ட்டை இடது பக்கமாகத் திருப்பிவிட்டார். பெட்டி புதுச்சேரிக்கு வந்தது. கோடு விழுந்தது. இருசப்பன் மெல்லத் திரும்பி வீட்டுக்கு வந்தார். டீ குடிக்கவில்லை. நாற்பது நிமிஷம் நடையின்றி நின்றதற்கும், பிரதேசத்தை விட்டு வெளியேற முயன்றதற்கும் நேரில் விளக்கம் தரும்படி மறுநாள் அழைப்பு வந்தது.

கழக அலுவலகம் வில்லியனூரில் பழைய வீடு ஒன்றில் இருந்தது. மேலாண்மை இயக்குநரின் அறைக்கு ஒரே வாசல். அந்த வாசலின் இரண்டு பக்கமும் பைல் அலமாரிகள் நின்றதால் வழி இன்னும் ஒடுங்கியிருந்தது. ஒருவர் வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் உள்ளே போகலாம். ஷூ காலில் இருந்ததால் இருசப்பன் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே காசம்மாள்.

சாமிநாதன் பைலைப் புரட்டினார். "டீ புதுச்சேரியிலயே கிடைக்குதே, எதுக்கு வெளிமாநிலம் போனீங்க? அங்க நீங்க வைக்கிற அடி எங்க கணக்குல வராது. கணக்குல வராத நடையை நாங்க நடைன்னு எப்படி ஏத்துக்கிறது? சரி, போகட்டும். கருவி வேலை செய்யுதான்னு பார்ப்போம். நடந்து காட்டுங்க."

தாழ்வாரத்தில் டேப் பிடித்து அளந்தார்கள். கண்காணிப்பு அறையிலிருந்து ஐவரும் டிவியை விட்டுவிட்டு வந்து நேரில் பார்த்தார்கள். ஒருவேளை தப்பாக நடந்தால் கருவியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து, இருசப்பன் தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக நடந்தார். ஒரு தடங்கல் இல்லை. திரும்பும் இடத்தில்கூட நிற்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சாமிநாதன் அவரை மறுபடி அறைக்குள் அழைத்துப்போய் ஒரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுதினார்.

"வாழ்த்துகள். மணி இரண்டு பத்துக்கு நீங்க குணமாயிட்டீங்க. இனி ஷூவையும் பெல்ட்டையும் கழட்டிக் குடுத்துடலாம்."

இருசப்பனுக்குப் புரியவில்லை. "எதுக்கு சார்?"

"நடைத்தோழன் நடக்க முடியாதவங்களுக்கு. நீங்க நடக்கறீங்க."

காசம்மாள் குறுக்கிட்டாள். "சார், அது ஷூ போட்டதால வந்த நட சார். கழட்டுனா பூடும்."

சாமிநாதன் பேனாவைக் கீழே வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. கழட்டினதும் போயிடுதுன்னா கருவி அவரைக் குணப்படுத்தலன்னு அர்த்தம். குணப்படுத்தாத கருவியை மக்கள்கிட்ட விட்டுவைக்கிறது குற்றம். வாங்கிக்க வேண்டியிருக்கும். குணப்படுத்திடுச்சுன்னா அவருக்குக் கருவி தேவையே இல்ல. அப்பவும் வாங்கிக்க வேண்டியிருக்கும். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தக் கழகத்துல பயனாளியோட விருப்பத்துக்குத்தான் முதல் மரியாதை."

நவீன்குமார் மண்டியிட்டு ஷூவைக் கழற்றினான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பெல்ட்டைச் சுருட்டி ஷூவோடு ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, வெளியே கொண்டுபோனான். காசம்மாள் சால்வையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இருசப்பன் வெறுங்காலோடு பின்தொடர்ந்தார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவில், அறை வாசலில் சரியாகப் போய் நின்றார்.

பூட்டிக்கொண்டது.

மணி இரண்டு இருபத்தைந்து. சாமிநாதன் அறைக்குள்ளே. உலகத்தின் மற்ற பகுதிகள் எல்லாம் வெளியே. நடுவில் இருசப்பன்.

"போங்க," என்றார் சாமிநாதன்.

"கால் வரல சார்."

"அதெப்படி? குணமாயிட்டீங்களே."

இருசப்பனின் முதுகில் வியர்வை வழிந்தது. தாழ்வாரத்தில் கூட்டம் சேர்ந்தது. நகர நினைக்க நினைக்க இறுகியது. குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி, முன்பாதம் மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. "நா வோணும்னு நிக்கல சார்," என்றார். காசம்மாள் அவருக்கு முன்னால் காலை நீட்டப் போனாள். அதற்குள் அலுவலக உதவியாளர் ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தள்ள வந்தார். எழுத்தர் மகாலட்சுமி பதறிப்போய்த் தடுத்தாள்.

"தொடாதீங்க! சுற்றறிக்கை பதினாலு! பயனாளியைத் தொடவோ, தள்ளவோ, இழுக்கவோ, மற்றவர் உதவியோடு நகர்த்தவோ கூடாது. மீறினா சஸ்பென்ஷன்."

"யாரு போட்ட சுற்றறிக்கை அது?" என்று உள்ளேயிருந்து சாமிநாதன் கத்தினார்.

"நீங்கதான் சார்."

காசம்மாள் நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள். இருசப்பனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதிரேயிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அறைக்கு வேறு வழி இல்லை. ஜன்னலுக்குக் கம்பி. மூன்று மணிக்குப் புதுச்சேரியில் சாமிநாதனுக்கு ஒரு கூட்டம். 'தடையற்ற நடமாட்டம்' என்பது தலைப்பு. அது அவரில்லாமல் ஆரம்பித்தது. மூன்றே காலுக்கு அவருடைய டீ இருசப்பனின் அக்குள் வழியாக உள்ளே போனது. காலி டம்ளர் அதே வழியில் வந்தது. பிறகு பைல்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. "கொஞ்சம் கையத் தூக்குங்க சார்," என்று மகாலட்சுமி ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டாள்.

நான்கு மணிக்கு இருசப்பனின் கால் வந்தது.

அது அப்படித்தான் வரும். எப்போது பூட்டும் என்று தெரியாதது போலவே எப்போது திறக்கும் என்றும் தெரியாது. தரையில் ஒரு டைல்ஸ் இடுக்கு கண்ணில் பட்டது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தொடை இளகியது. குதிகால் இறங்கியது. ஒரு அடி வைத்தால் வெளியே. அப்போது அறைக்குள் சாமிநாதன் போனில் பேசுவது கேட்டது.

"வாசல்ல ஒரு கேஸ் மாட்டிக்கிச்சு சார். இல்ல சார், நடக்க முடியாத கேஸ் இல்ல, குணமான கேஸ்தான். நம்ம சாதனைப் பட்டியல்ல முதல் பேரு."

தூக்கப் போன காலை இருசப்பன் தூக்கவில்லை.

அதுவரை நின்றதெல்லாம் கால் நின்றது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக இப்போது இருசப்பன் நின்றார்.

சாமிநாதனுக்குச் சர்க்கரை வியாதி. நாலரை மணிக்கு அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாலு முப்பத்தைந்துக்கு அறைக்குள் நடக்கத் தொடங்கினார். நடை மேம்பாட்டுக் கழகத்தில் அன்றுவரை யாரும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

"மகாலட்சுமி! ஏதாவது வழி சொல்லும்மா! கழிவறை வெளிய இருக்கு!"

"ஷூவைக் குடுத்தா போயிடுவாரு சார்."

"குணமானவருக்கு எப்படிக் குடுக்கறது?"

மகாலட்சுமி யோசித்தாள். "இரண்டு பத்துக்குக் குணமானாரு. இரண்டு இருபத்தஞ்சுக்கு மறுபடியும் நோய் வந்திருக்கு. மறுநோய்ன்னு போட்டு புது பயனாளியா சேர்த்துடலாம் சார். நடக்க முடியலைங்கறதுக்கு நேரடி ஆதாரம் வாசல்லயே நிக்குது."

விண்ணப்பம் அக்குள் வழியாகப் போனது. கையெழுத்தாகி அக்குள் வழியாகத் திரும்பியது. முன்பு ஏழு மாதம் எடுத்த காரியம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. நவீன்குமார் ஷூவோடு ஓடி வந்தான். பயனாளியைத் தொடாமல் ஷூ மாட்டுவது எப்படி என்று சுற்றறிக்கையில் இல்லை. ஆகவே காசம்மாளே குனிந்து மாட்டினாள். பெல்ட்டையும் கட்டினாள். பச்சைக் கோடு விழுந்தது. சாமிநாதன் வாசலை நெருங்கி நின்று, "இப்ப நகருங்க," என்று கெஞ்சினார்.

இருசப்பன் அசையவில்லை.

காசம்மாள் நிமிர்ந்தாள். "எல்லக்கி அந்தாண்ட போனா வெளக்கு அணையக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க சார். ரெண்டாயிரம் அடின்னு விரட்டறதையும் நிறுத்துங்க."

"அதெல்லாம் கொள்கை முடிவும்மா! ஆட்சிக்குழு கூடணும்!"

"கூட்டுங்க சார். அவரு எங்கயும் போவல." காசம்மாள் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்சிக்குழு நாலு ஐம்பதுக்குப் போனிலேயே கூடி, நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒருமனதாகக் கலைந்தது. கையெழுத்தான உத்தரவு அக்குள் வழியாக வந்தது. நவீன்குமார் தன் போனில் எதையோ இரண்டு தடவை தட்டினான். எல்லை மறைந்தது. இரண்டாயிரம் அடியும் மறைந்தது. அதற்கு ஆன நேரம் அரை நிமிஷம். "இவ்ளோதானாபா?" என்று இருசப்பன் கேட்டார். "இவ்ளோதான் சார். யாரும் கேக்கல," என்றான் அவன்.

இருசப்பன் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். சாமிநாதன் அவரை உரசிக்கொண்டு ஓடினார்.

கழகத்தின் ஆண்டறிக்கை பிறகு வந்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அந்த மாதம் குணமடைந்தோர் ஒருவர், மறுநோய்க்கு ஆளாகி மீட்கப்பட்டோர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பயனாளி ஒருவர், ஆக மூவர் பயனடைந்தனர் என்று அதில் இருந்தது. மூவரும் இருசப்பனே. மேடையேறாமல் வராமல் போன அந்த ஏழு பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வாசலில் நின்ற அன்று சாயங்காலம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. இருவரும் ஓரமாக நின்றார்கள். காசம்மாள் பையிலிருந்து சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலு நாலு மணிக்கே வந்துட்சி இல்ல?" என்றாள்.

இருசப்பன் திடுக்கிட்டார். "உனக்கு எப்டிடி தெரியும்?"

"பூட்டிக்கினா உன் குதிகாலு தரையில படாது. நாலு மணிக்கு ரெண்டு குதிகாலையும் ஊணி, வூட்டுக்காரன் மாரி நின்னுகினு இருந்த."

"அப்பறம் ஏன் சும்மா குந்தியிருந்த? எழுந்து வான்னு கூப்பிட வேண்டியதுதான?"

காசம்மாள் சால்வையை மடித்தாள். ஓரம் சரியாக வரும்வரை இரண்டு முறை மடித்தாள்.

"நீயா நின்னு எவ்ளோ நாளாச்சி. பாத்துகினு இருந்தேன்," என்றாள்.